தம்பி நடக்கிறான், யாரும் நிறுத்தாதீங்க

என் டைரக்டர் தம்பிக்கு,

நீ ஏறின லோரி வளைவில் திரும்பி மறைந்ததும் என் கை செய்த முதல் வேலை ஃபோனை எடுத்ததுதான். ஜன்னலுக்கு வெளியே லோரி ஓட்டுகிற அப்பாவின் முழங்கை, பின்னால் அடுக்கின முட்டைக்கோஸ் கூடைகள், அதற்கு மேல் கயிறு போட்டுக் கட்டின உன் நீலப் பெட்டி எல்லாம் மூடுபனிக்குள் கரைகிற அந்தக் காட்சியை வீடியோ எடுத்தே விட்டேன். என்ன அழகு தெரியுமா! பின்னால் போடுகிற மியூசிக் வரைக்கும் மனசுக்குள் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டேன். பிறகு அதை என் பேஜில் போடாமல் ஃபோனை ஏப்ரன் பாக்கெட்டுக்குள் தள்ளினேன். உன் அம்மா எவ்வளவு திருந்திவிட்டாள் பார்! ஆனால் முழுக்கத் திருந்தவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். இது உனக்கு எழுதுவது. ஆனாலும் நீ படப்பிடிப்பு ஆரம்பித்த பிறகு இதை என் பேஜில் எல்லாரும் படிக்கிற மாதிரி போடுவேன். இந்த மலையில் இருக்கிறவர்களும் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இன்றைக்குக் கடையில் கூட்டம் இல்லை. பள்ளி விடுமுறை முடிந்துவிட்டது, மழை வேறு. பக்கத்துக் கடை சரசு அக்கா சோளத்தை அவித்துவிட்டு ஆவிக்கு முன்னால் குளிர் காய்ந்துகொண்டு நிற்கிறார். நான் ஸ்ட்ராபெரி பெட்டிகளுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டை விரலால் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நீ நடக்கப் போன அந்த மூன்று நாளில் உனக்குத் தெரிந்தது பாதி. மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. அதை நேரில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எழுத வெட்கம் இல்லை. இன்டர்நெட்டில் வளர்ந்தவள் நான், எழுத்தில் எனக்கு வெட்கமே வராது.

உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது. அதனால் நீயும் நானும் ஒன்றாகத்தான் வளர்ந்தோம் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன், நீ முகத்தைச் சுளிப்பாய். தானா ராத்தாவில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த சைபர் கஃபேயில் உன்னை மடியில் வைத்துக்கொண்டுதான் நான் கம்ப்யூட்டரே கற்றேன். வீடியோ வெட்டி ஒட்டுவது, கலர் ஏற்றுவது, சப்டைட்டில் போடுவது எல்லாம் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து, சத்தத்தை அடைத்துவிட்டு, யார் யாரோ கற்றுக்கொடுத்ததைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. நீ படத்தில் விழுந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் ஒரு அம்மாவின் சந்தோஷம் மட்டும் இல்லை தம்பி. ரசிகையின் சந்தோஷம். உன் குறும்படம் வந்த வாரம் நான் மூன்று ஐடியில் கமெண்ட் போட்டது உனக்குத் தெரியும். அந்த ஜோகூர் பையனும் ஈப்போ காலேஜ் பெண்ணும் உன் படத்தின் முடிவைப் பற்றி இரண்டு நாள் சண்டை போட்டார்களே, அந்த இருவரும் நான்தான் என்பது இன்றைக்குத்தான் உனக்குத் தெரிகிறது. சண்டை இருந்தால்தான் வீடியோ மேலே வரும். அதுவும் நானே கற்றதுதான்.

உனக்கு ஒன்பது வயதிலேயே இதை நான் ஆரம்பித்துவிட்டேன். அப்பா லோரியைக் கழுவும்போது சக்கரத்திலிருந்து சேறு வழிவதை என் ஃபோனை வாங்கி நீ எடுத்தாய். நீளமான வீடியோ, வேறு ஒன்றுமே இல்லை, சிவப்புச் சேறு வழிகிறது, நடுவில் ஒரு முட்டைக்கோஸ் இலை மிதந்து போகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே அதை ஏற்றி, 'என் மகனின் முதல் படம்' என்று போட்டு, பார்க்கிற எல்லாரிடமும் லைக் கேட்டேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அம்மா, அது இன்னும் முடியல." அவ்வளவுதான். அழவில்லை, கோபப்படவில்லை. அதற்கப்புறம் என் ஃபோனை நீ கேட்கவே இல்லை. அப்பாவின் ஓட்டை ஃபோனைத்தான் எடுத்துக்கொண்டு போவாய். அதில் இன்டர்நெட் கிடையாது. அந்த விஷயம் எனக்குப் புரிய நீ வளர்ந்து, முதல் பெரிய படத்துக்குக் கதை எழுதி, கடைசிக் காட்சியில் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் பாசாருக்குத் தனியாக லோரி ஓட்டுகிற ஒரு பெண்ணின் கதை. எவ்வளவு நல்ல கதை! அவள் கிளம்புகிறாள், மலை இறங்குகிறாள், வழியில் என்னென்னவோ ஆகிறது, பாசாருக்கு வந்து சேர்கிறாள். வந்து சேர்ந்த பிறகு என்ன? அங்கேதான் நீ நின்றாய். மாதக்கணக்காக நின்றாய். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கடைசிக் காட்சி வராவிட்டால் வேறு டைரக்டரை வைத்து எடுப்பேன் என்று தயாரிப்பாளர் சொன்ன பிறகு, வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாய். கண்ணுக்குக் கீழே கறுப்பு. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாய்க்குப் போகவில்லை. மறுநாள் காலை ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாய்.

"அம்மா, நடந்துட்டு வரேன். தேயிலைத் தோட்டம் வரைக்கும். தனியா."

"தனியா எதுக்கு? அப்பா லோரில எறக்கி விடுவாருல்ல?"

"எறக்கி விட்டா அது நடக்கறதா?"

"சரி, எதுக்குப் போற?"

"சும்மாம்மா. தலை காலியாகணும். ஒண்ணும் இல்லாம நடந்தா ஏதாவது வரும்."

"சாப்பாடு பொங்குஸ் பண்ணிக் கட்டித் தரேன். ஃபோன் சார்ஜ் இருக்கா?"

"ஃபோன் எடுத்துட்டுப் போகல."

ஃபோன் இல்லாமலா! எனக்குப் பயம்தான். ஆனால் ஒரு பக்கம் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெரிய டைரக்டர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று எத்தனை பேட்டியில் பார்த்திருக்கிறேன்! என் மகனும் செய்கிறான்! நீ தெருமுனை தாண்டும் முன்னே நான் நம் மலை குரூப்பில் குரல் பதிவு போட்டுவிட்டேன். கடைக்காரர்கள், லோரிக்காரர்கள், கோயில் கமிட்டி, எல்லாரும் இருக்கிற குரூப். "தம்பி நடக்கிறான். பெரிய படத்துக்கு யோசிக்கிறான். தோட்டத்து ரோட்டுல பாத்தா யாரும் நிறுத்தாதீங்க, லிஃப்ட் குடுக்காதீங்க, பேச்சுக் குடுக்காதீங்க, ப்ளீஸ்." மிகப் பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பில் கடையைத் திறந்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து பெருமையாகச் சொன்னார்கள். கோஸ் லோரி முருகையா அண்ணன் உனக்குப் பக்கத்தில் பிரேக் போட்டு, "தம்பி, ஒன்ன ஏத்தக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க. அதச் சொல்லத்தான் நிறுத்துனேன். நீ நடலா, நட" என்றாராம். சாப்பாட்டுக் கடை காதர் பாய் மோட்டாரில் உன்னைத் துரத்திப் பிடித்து, பிளாஸ்டிக் பையில் கட்டின தே தாரிக்கை உன் விரலில் மாட்டிவிட்டு, "நான் பேச மாட்டேன், நீ யோசி. ஆனா சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சிரு" என்றாராம். கோயில் கமிட்டித் தலைவர் காடிக் கண்ணாடியை இறக்கிவிட்டு, உன் நடைக்குச் சமமாக மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்து, தன் வாழ்க்கைக் கதையைச் சின்ன வயதிலிருந்து ஆரம்பித்தாராம், "நீ ஒண்ணும் பேச வேணாம், கேட்டாப் போதும்" என்று. தோட்டத்துத் துரையே ஜீப்பை நிறுத்தி, ஏதாவது இடைஞ்சலா என்று விசாரித்தாராம். நம் ஊரில் ஒருத்தன் ரோட்டில் தனியாக நடந்தால் ஒன்று மோட்டார் ரோசாக் ஆகி வழியில் நின்றிருக்கும், இல்லை வீட்டில் சண்டை. மூன்றாவது காரணம் எவருக்கும் தெரியாது. நான் அந்த மூன்றாவது காரணத்தை ஊருக்கே அறிவித்துவிட்டேன், அதைப் பார்க்க எல்லாரும் வந்துவிட்டார்கள்!

மத்தியானம் ஒரு பிக்கப் வந்து கடை முன்னால் நின்றது. மடியில் யாரோ கொடுத்த ஒரு முட்டைக்கோஸ், கையில் காலி தே தாரிக் பை, தலை நனைந்து நீ இறங்கினாய். நான் ஓடி வந்து, "ஏதாவது வந்துச்சா தம்பி?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை இப்போது நினைத்தாலும் என் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். நீ கோஸைத் தராசில் வைத்தாய்.

"அம்மா, நீ என் ரசிகையா இருக்கறது எனக்குப் பிடிக்கும். மெய்யாலுமே பிடிக்கும். ஆனா ஒரே ஒரு நாளைக்கு என்னைப் பாக்காம இரேன்."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அறையைச் சாத்திக்கொண்டாய். ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம், "வேற யாராவது எடுக்கட்டும்பா. எனக்கு வரல" என்று நீ சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். அப்பா உன் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வசனம்.

மறுநாள் ஞாயிறு. நீ எழுந்திருக்கும் முன்னே நான் கிளம்பிவிட்டேன். உன்னைப் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் எனக்கு வேறு எதையாவது பார்க்க வேண்டியிருந்தது. நீ என்னதான் தேடிப் போனாய் என்று பார்ப்போமே என்று தோன்றியது. சரசு அக்காவிடம் கடைச் சாவியையும் ஃபோனையும் கொடுத்தேன். "ஃபோனையுமா? ஒடம்பு சரியில்லையாடி?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தோட்டத்து ரோட்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் கூடப் போகவில்லை, ஒரு வேன் நின்றது.

"என்னாக்கா நடந்து போறீங்க? மோட்டார் ரோசாக்கா?"

"இல்லலா, சும்மா நடக்குறேன்."

"சும்மாவா? வீட்டுல அண்ணன்கூட சண்டையா?"

அடுத்து கங்காணி மோட்டாரில் வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்லம்மா இருக்கு" என்றார். வீட்டை விட்டு ஓடுகிறேன் என்றே முடிவு செய்துவிட்டார் மனுசன்! அதற்குப் பிறகும் இரண்டு காடி. ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்குக் களைத்துவிட்டது, நடந்து இல்லை. முந்தின நாள் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை தம்பி. அன்பாகத்தான் நிறுத்துகிறார்கள். அன்பாக நிறுத்துகிறவர்களிடம் கோபப்படவும் முடியாது, அதுதான் கஷ்டம்.

கடைசியில் காடிச் சத்தத்துக்குப் பயந்து, தொழிலாளர்களின் லைன் வீடுகளைத் தாண்டி, கோயிலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அங்கே கொழுந்து மூட்டையைத் தோளில் தூக்கி வருகிற ஒற்றையடி வழி ஒன்று மேலே ஏறுகிறது. இரண்டு பக்கமும் இடுப்பு வரைக்கும் தேயிலைச் செடி. மோட்டார் கூட நுழைய முடியாது. ஏறினேன். கால்சட்டை தொடை வரைக்கும் பனியில் நனைந்தது. மேலே நேப்பாளத்துப் பையன்கள் இரண்டு பேர் செடி வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன் நின்று, நடுவில் வெட்டுகிற மெஷினைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மெஷினுக்குப் பின்னால் நீளமான துணிப்பை, கொழுந்து விழ விழ வயிறு மாதிரி உப்பிக்கொண்டு இழுபட்டு வருகிறது. அவர்கள் என்னைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், வேலையைப் பார்த்தார்கள். ஒரு கேள்வி கூட இல்லை! இந்த மலையில் என்னை ஒன்றும் கேட்காத மனிதர்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் மேகம் இறங்கியது. பையன்கள் இரண்டு பேரும் மறைந்துபோனார்கள். மெஷின் சத்தம் மட்டும் இருக்கிறது. அந்தப் பை மட்டும், யாரும் இழுக்காமல் தானாகவே செடிகளுக்கு மேலே நீந்திப் போகிறது, தம்பி! என் கை தானாக ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் போனது. ஃபோன் இல்லை. எடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் போட்டிருப்பேன், போட்டவுடன் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்திருப்பேன், சாயங்காலம் அது எனக்கே பழசாகியிருக்கும். இப்போது அது எங்கே போவது என்று தெரியாமல் என்னிடமே தங்கிவிட்டது. ஸ்ட்ராபெரி அடுக்கும்போது வருகிறது, பல் விளக்கும்போது வருகிறது. அந்தப் பை எங்கே போகிறது, யாருடையது என்று நானே கதை கட்ட ஆரம்பித்துவிட்டேன். சேறு வழிகிற வீடியோவைப் பிடுங்கிப் போட்ட அன்றைக்கு நான் உன்னிடமிருந்து எதை எடுத்தேன் என்று அந்த வழியில் நின்றபோது புரிந்தது. இதை நீளமாக எழுதப் பிடிக்கவில்லை. புரிந்தது, அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் உன் அறைக் கதவைத் தட்டி நான் சொன்னது இதுதான்: "ரோட்டுல போகாத. கோயிலுக்குப் பின்னால மூட்ட தூக்குற வழி இருக்கு. காடி வராது. சாக்ஸ் ரெண்டு ஜோடி எடுத்துக்க, நனையும்." நீ கதவைக் கொஞ்சமாகத் திறந்தாய்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"போய்ப் பாத்தேன்."

"ஃபோன் இல்லாமயா?"

"சரசு அக்காகிட்ட குடுத்துட்டுப் போனேன்."

"நீயா?" என்று நீ கதவை முழுக்கத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்தாயே, எத்தனை லைக் வாங்கினாலும் அந்தப் பார்வைக்கு ஈடாகாது.

திங்கட்கிழமை விடியும்போதே நீ கிளம்பினாய். உன் ஃபோனை என் ஏப்ரன் பாக்கெட்டில் போட்டு, "யார் கூப்பிட்டாலும் எடுக்காத" என்றாய். சரி என்றேன். குரூப்பில் ஒரு எழுத்து போடவில்லை. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும், "தம்பி எங்க, இன்னைக்கும் யோசிக்கிறாப்லயா?" என்று கேட்டார்கள். தூங்குகிறான் என்றேன். காதர் பாய், "இந்நேரம் வரைக்குமா? டைரக்டர்னா அப்படித்தான்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். பதினோரு மணிக்கு மழை. குடையைக் கையில் எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். சரசு அக்கா குடையைப் பிடுங்கி சோளப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

உன் ஃபோன் மத்தியானத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தது. தயாரிப்பாளர். நிற்கும், மறுபடி அடிக்கும். ஸ்ட்ராபெரி பெட்டி அடுக்கினேன், கலைத்தேன், அடுக்கினேன். கடைசியில் எடுத்துவிட்டேன் தம்பி. நீ எடுக்காதே என்று சொன்னதை மீறித்தான். உனக்கு நான் அப்புறம் சொன்னது, அவர் கூப்பிட்டார், நீ நடக்கிறாய் என்று சொன்னேன் என்பது மட்டும்தான். முழுசாக இதுதான் பேச்சு:

"எங்கய்யா சீன்?"

"சார், நான் டைரக்டரோட அம்மா பேசுறேன்."

"அவன் எங்கம்மா?"

"வேலையில இருக்காரு சார்."

"என்ன வேலை?"

"நடந்துக்கிட்டு இருக்காரு."

"நடக்குறானா? அஞ்சு மணிக்கு சீன் தரேன்னுட்டு மலையில நடக்குறானா? கூப்பிடுங்க அவன."

"முடியாது சார். அவன்கிட்ட ஃபோன் இல்ல. அவன் ஃபோன்லதான் நான் பேசுறேன்."

அவர், "அஞ்சு மணி தாண்டுனா நான் வேற ஆளப் பாத்துக்குவேன். வந்தா சொல்லிருங்க" என்றார். அவரிடம் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று நான் கண்ணாடி முன்னால் ஒத்திகையே பார்த்து வைத்திருந்தேன். உன் குறும்படத்தில் அந்தக் கதவு மூடுகிற இடம், அந்த வெளிச்சம், நீ எப்படிப்பட்டவன், எல்லாம். வாய் வரைக்கும் வந்தது. "சரி சார்" என்று வைத்துவிட்டேன். என் வாழ்க்கையிலேயே நான் வெட்டின மிக நல்ல எடிட் அதுதான்.

நாலரை மணி இருக்கும். தூறல் விடவில்லை. தோட்டத்து ரோட்டிலிருந்து நீ மேலே ஏறி வந்தாய். முழங்காலில் தேயிலை ஒட்டியிருந்தது, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஸ்ட்ராபெரி வாங்க வந்த ஒரு குடும்பம் உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, ஏனென்றால் நீ இரண்டு கையையும் முன்னால் நீட்டி இல்லாத ஒரு ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தாய். சின்ன காடி ஸ்டீரிங் இல்லை, அப்பா லோரியில் இருக்கிறதே, அந்த அகலம். ரோடு வளைகிற இடத்தில் உன் கையும் வளைந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. உன் கதையில் வருகிற அந்தப் பெண் உனக்குள்ளே லோரி ஓட்டிக்கொண்டிருந்தாள்! நான் பார்த்தேன்!

"ஏய், அது ஒம் பையன்லா! தம்ப்—" என்று சரசு அக்கா வாயைத் திறந்தார். கையில் கிடைத்த சோளத்தை அந்த வாய்க்குள் திணித்துவிட்டேன். "சுடுதுடி, பாவி!" என்று அவர் குதித்ததை நீ கேட்கவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து ஏப்ரனுக்குள் உன் ஃபோன் அடிக்கிறது. தயாரிப்பாளர்தான். ஒரு தடவை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், நீ ஃபோனை வாங்கி அவரிடம் பேசலாம், நேரத்துக்குள் ஏதாவது சொல்லிப் படத்தைக் காப்பாற்றலாம். ஆனால் கூப்பிட்டால் அந்தக் கை கீழே இறங்கிவிடும். நீ என் பக்கம் திரும்பி, மகனாகிவிடுவாய். நான் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நீ வந்துகொண்டிருந்தாய். நான் ஸ்ட்ராபெரி பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். ஃபோனை வயிற்றோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். உன் நனைந்த ஷூ சத்தம் கடையைத் தாண்டி, வீட்டுக்குப் போகிற பிரிஞ்சாங் இறக்கத்தில் போய் ஓய்ந்தது.

ஐந்து மணிக்கு ஃபோன் நின்றுபோனது. அது அடித்துக்கொண்டிருந்ததை விட அந்த மௌனம்தான் மோசம். என் பிள்ளையின் படத்தை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தபோது நீ ஈர ஷூவைக் கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்து லாப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தாய். முடிகிற வரைக்கும் நின்றேன். பிறகு ஃபோனை உனக்குப் பக்கத்தில் வைத்தேன். நீ மணியைப் பார்த்தாய். "அம்மா, கடையத் தாண்டித்தானே வந்தேன். நீ பாக்கலயா?" என்று கேட்டாய். கடையில் கூட்டம், கவனிக்கவில்லை என்றேன். அது பொய். பார்த்தேன். இந்தக் கடிதமே அதைச் சொல்வதற்காகத்தான்.

நீ தயாரிப்பாளருக்கு ஃபோன் போட்டாய். ஒட்டுக்கேட்க எனக்கு எவ்வளவு ஆசை என்று சாமிக்குத்தான் தெரியும். நேராக வெளியே போய் அப்பாவின் லோரியில் ஏறி உட்கார்ந்து ரேடியோவை முழுசாகத் திருகினேன். "என்னாடி, ஒனக்குக் காது கேக்கலியா?" என்றார் அப்பா. "கேக்கக் கூடாதுன்னுதான்" என்றேன். லோரிக் கண்ணாடி வழியாகச் சமையலறை ஜன்னல் தெரிந்தது. நீ அங்கும் இங்கும் நடந்தாய், இல்லாத ஸ்டீரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. பிறகு நின்றாய். நெடுநேரம் அவர் பேசுவதைக் கேட்டாய். அப்புறம் ஜன்னலில் உன்னைக் காணோம், தரையில் உட்கார்ந்துவிட்டாய் போல. நல்லதா கெட்டதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்பா ரேடியோவை அணைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார், அது அவர் வழக்கமே இல்லை. நீ வெறுங்காலோடு வாசலுக்கு வந்தாய்.

"அப்பா, வியாழக்கிழமை லோரில எனக்கு இடம் இருக்கா? லேட்டுன்னு திட்டுனாரு, ஆனா சீன் புடிச்சிருக்காம், ஷூட்டிங் வேல ஆரம்பிக்கணுமாம்."

"கோஸ் மேல ஒக்காந்துக்க" என்றார் அப்பா. குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் லோரிக்குள்ளேயே கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் எல்லாம் குரைத்தது.

ஆக, அறிவுரை என்று என்னிடம் இருப்பது இவ்வளவுதான். படப்பிடிப்பில் நூறு பேர் உன்னைச் சுற்றி நிற்பார்கள், எல்லாரும் அன்பாகவே உன்னை நிறுத்துவார்கள். தலை நிரம்பினால் காடி வராத ஒரு வழியைக் கண்டுபிடித்து நட. மாற்றுச் சாக்ஸ் உன் பெட்டியின் பக்கவாட்டுப் பையில் இருக்கிறது. எங்கே போகிறாய் என்று எனக்குச் சொல்லாதே, சொன்னால் நான் எப்படிப்பட்டவள் என்று உனக்கே தெரியும். இந்தக் கடிதத்தைப் படிக்கிற மலைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த தடவை தம்பி நடந்தால் நிறுத்தாதீர்கள். நிறுத்த மாட்டோம் என்று சொல்வதற்காகவும் நிறுத்தாதீர்கள். காதர் பாய், இது உங்களுக்குத்தான்.

அந்தக் கடைசிக் காட்சியை நீ என்னிடம் சொல்ல வந்தபோதெல்லாம் நான் காதைப் பொத்திக்கொண்டேன், கவனித்தாயா? பாசாரில் லோரியை நிறுத்திவிட்டு அவள் என்ன செய்கிறாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமல் இருப்பது அரிக்கிறது, ஆனால் நன்றாகவும் இருக்கிறது. ஈப்போவில் முதல் நாள் முதல் காட்சிக்கு நானும் சரசு அக்காவும் டிக்கெட் எடுத்து, நடு வரிசையில் உட்கார்ந்து, எல்லாரோடும் சேர்ந்து தெரிந்துகொள்கிறோம். வாய் வெந்ததற்கு ஈடாக அவருக்கு அந்த டிக்கெட் நான்தான் எடுக்க வேண்டுமாம்.

அது வரைக்கும் நீ நடந்துகொண்டே இரு, தம்பி. கடையைத் தாண்டும்போது நான் குனிந்துகொள்கிறேன்.

அம்மா